ரூட் கெனால் இல்லாமலே பல்லைக் காப்பாற்ற முடியுமா? நானோ துகள் கலந்த பல் சிமென்ட் எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

"சொத்தை ரொம்ப ஆழமா போயிடுச்சு. ரூட் கெனால் பண்ணிடலாம்." பல் டாக்டரிடம் போய் வந்தவர்களில் பலருக்கும் இந்த வரி பழக்கமானதுதான். ரூட் கெனால் செய்தால் வலி போய்விடும், பல்லும் நிற்கும். ஆனால் அந்தப் பல்லுக்குள் இருந்த உயிருள்ள பகுதி முழுவதும் வெளியே எடுக்கப்பட்டுவிடும். அதை எடுக்காமல், அடிபட்ட இடத்தில் ஒரு சிமென்ட்டை வைத்து மூடி, பல்லையே குணமாக்கிக்கொள்ள விட்டால் என்ன? பல் மருத்துவ உலகம் நூறு ஆண்டுகளாக இந்தக் கேள்வியோடு போராடுகிறது. இப்போது அந்த சிமென்ட்டில் நானோ துகள்களைக் கலந்து பார்க்கும் ஆய்வுகள் பல நாடுகளில் நடக்கின்றன.

உலக சுகாதார அமைப்பு 2022-ல் வெளியிட்ட வாய் ஆரோக்கிய அறிக்கையின்படி, நிரந்தரப் பற்களில் சொத்தை உள்ளவர்கள் உலகம் முழுக்க சுமார் 200 கோடி பேர். பால் பற்களில் சொத்தை உள்ள குழந்தைகள் 51 கோடிக்கும் மேல். ஆக, ஒரு சிறு துளி சிமென்ட் எப்படி இருக்க வேண்டும் என்பது கோடிக்கணக்கான பற்களின் விஷயம். அந்த சிமென்ட் என்ன, நானோ துகள் அதில் என்ன செய்கிறது, இதை எந்த அளவுக்கு நம்பலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

பல்லுக்குள் என்ன இருக்கிறது?

வெளியே தெரியும் வெள்ளைப் பகுதி எனாமல். உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். அதற்கு அடியில் லேசான மஞ்சள் நிறத்தில் இருப்பது டென்டின். இந்த டென்டினுக்கு நடுவே, ரத்தக் குழாய்களும் நரம்புகளும் செல்களும் நிறைந்த மென்மையான சதை இருக்கிறது. டாக்டர்கள் இதை 'பல்ப்' என்பார்கள், தமிழில் பற்கூழ்.

பற்கூழின் வேலை வலியைச் சொல்வது மட்டும் இல்லை. அதன் ஓரத்தில் வரிசையாக நிற்கும் ஒருவகை செல்கள்தான் டென்டினைக் கட்டுகின்றன. சொத்தை உள்ளே வர வர, இந்த செல்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து புதிய டென்டினைப் போட்டு சுவரைத் தடிமனாக்கும். அந்த செல்களே செத்துப்போனால்கூட, பற்கூழில் இருக்கும் ஸ்டெம் செல்கள் முன்வந்து அவற்றின் வேலையை எடுத்துக்கொள்ளும். மனிதப் பற்கூழில் இப்படிப்பட்ட ஸ்டெம் செல்கள் இருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2000-ம் ஆண்டில் பதிவு செய்தார்கள்.

அதாவது, பல் தன்னைத்தானே ரிப்பேர் செய்துகொள்ளத் தெரிந்த உறுப்பு. இதை நிரூபித்த சோதனை ஒன்று 1965-ல் அமெரிக்காவில் நடந்தது. ககெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு ஆகிய மூவரும் எலிகளின் கடைவாய்ப் பற்களைத் துளைத்துப் பற்கூழைத் திறந்துவிட்டார்கள். மருந்து எதுவும் வைக்கவில்லை, மூடவும் இல்லை. சாதாரண எலிகளுக்குப் பற்கூழ் அழுகி சீழ் பிடித்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளுக்கோ, திறந்த இடத்தின் குறுக்கே புதிய டென்டின் வளர்ந்து தானாகவே மூடிக்கொண்டது.

பல் குணமாவதைத் தடுப்பது கிருமிதான் என்பதை இந்தச் சோதனை பளிச்சென்று காட்டியது. இதை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்து வரும் எல்லாமே எளிதாகப் புரியும்.

எதற்காக உயிரோடு காப்பாற்ற வேண்டும்?

பெரியவர்களுக்குப் பற்கூழை எடுத்துவிட்டாலும் பல் பல வருடங்கள் நிற்கும். சிறுவர்களின் கதை வேறு. நிரந்தரப் பல் ஈறுக்கு வெளியே வந்த பிறகும், அதன் வேர் முழுதாக வளர இன்னும் 2 முதல் 3 வருடங்கள் ஆகும். அந்த வளர்ச்சியை நடத்துவது பற்கூழ்தான்.

எட்டு வயதுப் பிள்ளை சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் உடைந்து பற்கூழ் வெளியே தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பற்கூழ் செத்துவிட்டால் வேர் வளர்வது அங்கேயே நின்றுவிடும். வேரின் சுவர் மெல்லியதாகவும், நுனி திறந்தபடியும் இருக்கும். பின்னாளில் சின்ன அடி பட்டாலும் அது உடைய வாய்ப்பு அதிகம். பற்கூழைக் காப்பாற்றிவிட்டால் வேர் முழுதாக வளர்ந்து, ஆயுளுக்கும் அந்தப் பல் தாங்கும். இந்த சிகிச்சையால் மிகப் பெரிய பலன் கிடைப்பது இந்த வயதுப் பிள்ளைகளுக்குத்தான்.

பற்கூழ் தெரியும் இடத்தின் மேல் நேரடியாக மருந்து சிமென்ட் வைத்து மூடுவதற்கு 'பல்ப் கேப்பிங்' என்று பெயர். நம் ஊரில் 'கேப்' என்றால் ரூட் கெனாலுக்குப் பிறகு பல்லின் மேல் மாட்டும் உறையைச் சொல்வோம். அது வேறு, இது வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சுண்ணாம்பில் தொடங்கிய கதை

1920-ல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் என்ற பல் மருத்துவர் கால்சியம் ஹைட்ராக்சைடை இந்த வேலைக்கு அறிமுகப்படுத்தினார். பெயர் பெரிதாக இருந்தாலும் பொருள் நமக்குத் தெரிந்ததுதான். வெற்றிலைக்குத் தடவுகிறோமே, சுவருக்கு அடிக்கிறோமே, அந்த நீர்த்த சுண்ணாம்பு. மருத்துவத்துக்காகத் தூய்மையாகத் தயாரிக்கப்படும் வடிவம், அவ்வளவுதான்.

சுண்ணாம்பின் காரத்தன்மை மிக அதிகம், பி.எச். அளவு சுமார் 12.5. அந்தக் காரத்தில் பெரும்பாலான கிருமிகள் தாக்குப்பிடிக்காது. பற்கூழின் மேல்புறத்தை அது லேசாகச் சுட்டுவிடும். அந்தக் காயமே அடியில் இருக்கும் செல்களைத் தட்டி எழுப்பும். சில வாரங்களில் தொடங்கி சில மாதங்களில் அங்கே டென்டினால் ஆன ஒரு பாலம் உருவாகும்.

ஆனால் சுண்ணாம்புக்கு இரண்டு பெரிய குறைகள் உண்டு. ஒன்று, காலப்போக்கில் அது கரைந்து அங்கே வெற்றிடம் வந்துவிடும். இரண்டு, அது உருவாக்கும் டென்டின் பாலத்தில் பல நேரம் சின்னச் சின்ன சுரங்கப்பாதைகள் இருக்கும். அந்த வழியாகக் கிருமி மறுபடி உள்ளே போனால் கதை முதலிலிருந்து தொடங்கும்.

(ஒரு எச்சரிக்கை: வீட்டுச் சுண்ணாம்பைச் சொத்தைப் பல்லில் வைத்துப் பார்க்கும் வேலை வேண்டாம். ஈறும் கன்னத்தின் உட்புறமும் வெந்துபோகும். டாக்டர் வைப்பது ஊசிமுனை அளவு, கிருமி நீக்கிய குழிக்குள் மட்டும்.)

கட்டட சிமென்ட் பல்லுக்குள் வந்தது எப்படி?

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபிநெஜாத் குழுவினர் புதிய பொருளைக் கொண்டுவந்தார்கள். அதன் பெயர் எம்.டி.ஏ. அதைப் பற்றிய முதல் ஆய்வுக் கட்டுரை 1993-ல் வெளியானது. 1998-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது.

எம்.டி.ஏ.-வின் அடிப்படை, வீடு கட்டும் போர்ட்லேண்ட் சிமென்ட்தான்! அதைச் சுத்திகரித்து, எக்ஸ்-ரேயில் தெரிவதற்காக பிஸ்மத் ஆக்சைடு கலந்திருக்கிறார்கள். கொத்தனார்கள் கான்கிரீட்டுக்குத் தண்ணீர் காட்டுவது ஏன்? சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகும். வாய்க்கு இது அப்படியே பொருந்துகிறது. எச்சில், ரத்தம், பற்கூழின் ஈரம் என எப்போதும் நனைந்தே இருக்கும் இடத்தில், ஈரத்திலேயே இறுகும் பொருள் கிடைத்தால் வேறென்ன வேண்டும்?

இன்னொரு லாபமும் உண்டு. சிமென்ட் தண்ணீரோடு சேரும்போது துணைப்பொருளாகக் கால்சியம் ஹைட்ராக்சைடு வெளிவரும். பழைய சுண்ணாம்பின் பலன் மெதுவாகக் கிடைக்கும். கூடவே சுண்ணாம்புபோல் கரைந்துபோகாத கெட்டியான மூடியும் கிடைக்கும்.

குறைகள்? முதல் எம்.டி.ஏ. இறுக சுமார் 2 மணி 45 நிமிடம் ஆனது. குழைத்தால் ஈர மணல்போல இருக்கும், குழிக்குள் வைப்பதே பெரும்பாடு. பிஸ்மத் காரணமாகப் பல் கறுக்கும் சிக்கல் வந்தது. முன்பல்லைக் காப்பாற்றி, அது கறுத்துப்போனால் யாருக்குத்தான் பிடிக்கும்? விலையும் அதிகம்.

2010-ஐ ஒட்டி சந்தைக்கு வந்த பயோடென்டின் இவற்றில் சிலதைத் தீர்த்தது. பிஸ்மத்துக்குப் பதில் சிர்கோனியம் ஆக்சைடு, வேகமாக இறுகக் கால்சியம் குளோரைடு. சுமார் 12 நிமிடத்தில் இறுகத் தொடங்கிவிடும். ஆனாலும் இந்த வகை சிமென்ட்கள் முழுதாக இறுகிய பிறகு கிருமியைக் கொல்லும் சக்தி குறைந்துகொண்டே போகும். அழுத்தம் தாங்கும் வலுவும் இன்னும் கூடினால் நல்லது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் நானோ துகள்கள் வருகின்றன.

நானோ துகள் என்ன செய்யும்?

ஒரு மீட்டரை நூறு கோடி பங்காக வெட்டினால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். பொதுவாக 1 முதல் 100 நானோமீட்டர் வரை உள்ள துகள்களை நானோ துகள் என்கிறார்கள். சொத்தையை உண்டாக்கும் பாக்டீரியா ஒன்றின் அகலமே பல நூறு நானோமீட்டர் இருக்கும் என்றால் எவ்வளவு சின்னது என்று யோசித்துப் பாருங்கள்.

சின்னதாவதால் என்ன பலன்? சமையலறையிலேயே விடை இருக்கிறது. கல் உப்பைவிடத் தூள் உப்பு சீக்கிரம் கரையும். 1 சென்டிமீட்டர் பக்கம் கொண்ட கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 1 மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 60 சதுர சென்டிமீட்டர். பொருள் அதே அளவு, தொடும் பரப்பு பத்து மடங்கு. நானோ அளவுக்குப் போனால் இது எங்கேயோ போய்விடும். தொடும் பரப்பு கூடினால் வினை வேகமாகும், சிமென்ட் சீக்கிரம் இறுகும், அயனிகள் அதிகமாக வெளிவரும், கிருமியோடு நேரடித் தொடர்பும் கூடும்.

இன்னொரு காரணம், டென்டினே நானோ அளவிலான தாதுப் படிகங்களால் கட்டப்பட்டதுதான். இயற்கை எந்த அளவில் கட்டுகிறதோ, அந்த அளவிலேயே பொருளைக் கொடுத்தால் செல்கள் அதை எளிதாக ஏற்கும் என்பது ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு.

எந்தத் துகளுக்கு என்ன வேலை?

நானோ ஹைட்ராக்ஸிஅபடைட்: எலும்பிலும் பல்லிலும் இருக்கும் அதே தாது. புதிய தாது படிய அஸ்திவாரம்போல உதவும்.

பயோஆக்டிவ் கண்ணாடி: 1969-ல் அமெரிக்காவின் லாரி ஹென்ச் உருவாக்கிய பொருளின் வழிவந்தது. உடல் திரவம் பட்டதும் கால்சியம், பாஸ்பேட், சிலிக்கா அயனிகளை விட்டு, மேற்பரப்பில் பல்லின் தாதுவைப் போன்ற படலத்தை உண்டாக்கும்.

நானோ சிலிக்கா: கட்டடத் துறையில் ஏற்கெனவே தெரிந்தது. சிமென்ட் இறுகுவதை வேகப்படுத்தும், இடைவெளிகளை நிரப்பும்.

வெள்ளி, துத்தநாக ஆக்சைடு: இவை கிருமிகளோடு சண்டைபோடும் துகள்கள். பாக்டீரியாவின் சுவரைச் சிதைத்து, அதற்குள் ரசாயன அழுத்தத்தை உண்டாக்கிக் கொல்லும்.

கைட்டோசான்: இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படுவது. கிருமியையும் எதிர்க்கும், மருந்தை உள்ளே சுமந்துபோய் மெதுவாக வெளிவிடும் பையாகவும் பயன்படும்.

அப்போ சிக்கல் எங்கே?

ஒவ்வொரு துகளும் ஒரு குறையைத் தீர்க்கிறது, கூடவே இன்னொரு கேள்வியையும் கொண்டுவருகிறது.

வெள்ளியை எடுத்துக்கொள்வோம். பாக்டீரியாவைக் கொல்லும் அதே வழியில் அது பற்கூழின் செல்லையும் தாக்கும். அளவு குறைந்தால் கிருமி பிழைக்கும், கூடினால் பல்லைக் குணமாக்க வேண்டிய செல்லே சாகும். இடையில் இருக்கும் பாதுகாப்பான எல்லை மிகக் குறுகியது. போதாததற்கு, வெள்ளியும் பல்லைக் கறுக்க வைக்கும். பிஸ்மத்தை வெளியேற்றிவிட்டு வெள்ளியை உள்ளே விட்டால், முன்பல் கறுக்கும் பிரச்சினை திரும்ப வந்துவிடும்.

துத்தநாகத்தில் வேறு தலைவலி. போர்ட்லேண்ட் சிமென்ட் இறுகுவதை துத்தநாகம் தாமதப்படுத்தும் என்பது கட்டடத் துறைக்கே பழைய செய்தி. கிருமியைக் கொல்ல அதைச் சேர்த்து, சிமென்ட் நேரத்துக்கு இறுகாமல் போனால் என்ன பயன்?

அடுத்து, கலப்பதில் இருக்கும் சிக்கல். கேழ்வரகுக் கூழ் காய்ச்சும்போது சரியாகக் கிளறாவிட்டால் மாவு கட்டி தட்டுமே, அதுபோல நானோ துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டும் குணம் கொண்டவை. கட்டி தட்டிய இடம் சிமென்ட்டின் பலவீனமான இடம். வலுவைக் கூட்டச் சேர்த்த துகள், அளவு மீறினால் வலுவைக் குறைத்துவிடும். எந்திரத்தில் கலந்து பார்த்த ஆய்வுக்கூட முடிவு, கிளினிக்கில் உதவியாளர் கையால் குழைக்கும்போது அப்படியே வரும் என்று சொல்ல முடியாது.

கடைசியாக, இந்தத் துகள்கள் காலப்போக்கில் சிமென்ட்டிலிருந்து விடுபட்டு எங்கே போகும் என்ற கேள்வி. பற்கூழில் ரத்த ஓட்டம் இருக்கிறது. வைக்கப்படும் அளவு மிகச் சிறிது என்பது ஆறுதல். ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் விடக்கூடிய விஷயம் இல்லை இது.

தட்டில் வளர்த்த செல் குணமானால் போதுமா?

"நானோ சிமென்ட்டில் செல்கள் நன்றாக வளர்ந்தன" என்று செய்தி வந்தால், எங்கே வளர்ந்தன என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான ஆய்வுகள் கண்ணாடித் தட்டில் வளர்க்கப்பட்ட செல்களில் சில நாட்கள் நடப்பவை. அங்கே ரத்த ஓட்டம் இல்லை, எச்சில் இல்லை, கடிக்கும் அழுத்தம் இல்லை, வீக்கமும் இல்லை.

அடுத்த படி எலி, நாய் போன்ற விலங்குகள். எலியின் பல் சின்னது, குணமாகும் வேகமும் வேறு. மேலும் விலங்குகளில் பொதுவாக ஆரோக்கியமான பல்லைத்தான் துளைக்கிறார்கள்.

மனிதர்களிலும் இதே சிக்கல் உண்டு. குணமான பல்லை வெட்டி மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டுமானால், எப்படியும் பிடுங்கப்படப் போகிற பல் வேண்டும். அதனால் பல்வரிசையைச் சீராக்கக் கம்பி போடும் இளம் வயதினரின் கடைவாய் முன்பற்களைப் பயன்படுத்துகிறார்கள். அவை பெரும்பாலும் சொத்தையே இல்லாத பற்கள். கிளினிக்குக்கு வரும் பல்லோ மாதக்கணக்கில் கிருமியோடு போராடி வீங்கிப்போனது. 1965 எலிச் சோதனையை நினைவுபடுத்திக்கொண்டால் இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று புரியும். கிருமி இல்லாத பல், மருந்தே இல்லாமலும் குணமானது.

ஆக, ஒரு நானோ சிமென்ட் உண்மையிலேயே மேலானது என்று சொல்ல, சொத்தை பிடித்த பற்களில், எம்.டி.ஏ. அல்லது பயோடென்டினோடு நேருக்கு நேர் ஒப்பிட்டு, பல வருடங்கள் பின்தொடர்ந்து பார்க்க வேண்டும். கட்டட சிமென்ட்டின் உறுதியை மறுநாள் தட்டிப் பார்த்துச் சொல்லிவிட முடியாது, பல மழைக்காலம் தாண்ட வேண்டும். பல் சிமென்ட்டும் அப்படித்தான்.

விதிமுறைகள் என்ன சொல்கின்றன?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017-ம் ஆண்டு மருத்துவச் சாதன ஒழுங்குமுறையில் நானோ பொருள்களுக்கென்று தனி விதியே இருக்கிறது. நானோ துகள் உடலுக்குள் செல்லும் வாய்ப்பு எவ்வளவு அதிகமோ, அவ்வளவு கடுமையான பிரிவில் அந்தப் பொருள் வைக்கப்படும். இந்தியாவில் 2017-ம் ஆண்டு மருத்துவச் சாதன விதிகள், ஆபத்தின் அளவைப் பொறுத்து சாதனங்களை ஏ, பி, சி, டி என நான்கு வகையாகப் பிரிக்கின்றன. ஆய்வுக் கட்டுரையில் நன்றாக வந்த கலவை டாக்டரின் மேசைக்கு வர இத்தனை படிகளையும் தாண்டியாக வேண்டும்.

'நானோ' என்று அச்சிட்ட டூத்பேஸ்ட்டை இதோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. பேஸ்ட் வேலை செய்வது எனாமலின் மேற்பரப்பில். பற்கூழைத் தொடும் சிமென்ட்டுக்கு வேண்டிய பாதுகாப்புச் சோதனை வேறு.

இன்றைக்கு நோயாளிக்கு என்ன பயன்?

நானோ சிமென்ட்டுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. பற்கூழைக் காப்பாற்றும் சிகிச்சை இப்போதே இருக்கிறது. ஐரோப்பிய எண்டோடான்டிக் சங்கம் 2019-லும், அமெரிக்க எண்டோடான்டிக் சங்கம் 2021-லும் வெளியிட்ட நிலைப்பாடுகள் இரண்டுமே, முடிந்தவரை பற்கூழை உயிரோடு வைத்திருக்கும் சிகிச்சையை ஆதரிக்கின்றன. அதற்கு எம்.டி.ஏ., பயோடென்டின் வகை சிமென்ட்களையே முன்வைக்கின்றன.

ஆனால் எந்த சிமென்ட் என்பது பாதிக் கதைதான். எச்சில் படாமல் இருக்கப் பல்லைச் சுற்றி ரப்பர் விரிப்பு போட்டார்களா, குழியைக் கிருமிநாசினியால் சுத்தம் செய்தார்களா, ரத்தக் கசிவு சில நிமிடங்களில் நின்றதா, மேலே உறுதியான அடைப்பு வைத்தார்களா என்பவை மீதிப் பாதி. ரத்தம் நிற்கவே இல்லை என்றால் வீக்கம் உள்ளே ஆழமாகப் போயிருக்கிறது என்று பொருள். அப்போது பற்கூழின் மேல்பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, வேரில் இருப்பதைக் காப்பாற்றும் வழியும் உண்டு.

அதனால் டாக்டர் "ரூட் கெனால்" என்றதும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. பற்கூழ் இன்னும் உயிரோடு இருக்கிறதா? அதைக் காப்பாற்றிப் பார்க்க வாய்ப்பு உண்டா? அப்படிச் செய்தால் எப்போது திரும்ப வந்து காட்ட வேண்டும்? குறிப்பாகச் சிறுவர்களுக்கு இந்தக் கேள்விகளைக் கேட்காமல் விடக் கூடாது. பற்கூழ் ஏற்கெனவே செத்து, வேர் நுனியில் சீழ் கட்டியிருந்தால் ரூட் கெனால்தான் சரியான வழி. அதைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

சிமென்ட் வைத்த பிறகு வலி இல்லை என்பதால் போகாமல் இருந்துவிடுவதும் தவறு. பற்கூழ் சத்தமில்லாமலும் சாகும். 6 மாதத்திலும் ஒரு வருடத்திலும் போய், பல்லுக்கு உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்து, எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தால்தான் உள்ளே நடப்பது தெரியும்.

நானோ துகள்கள் வருங்காலத்தில் இந்த சிகிச்சையை எளிதாக்கலாம்: வேகமாக இறுகும், கறுக்காத, கிருமியை நீண்ட நாள் தடுக்கும் சிமென்ட் கிடைத்தால் காப்பாற்றப்படும் பற்களின் எண்ணிக்கை கூடும். அதுவரை, சொத்தை பற்கூழைத் தொடுவதற்கு முன்பே டாக்டரிடம் போய்விடுவதுதான் கையில் இருக்கும் நல்ல வழி. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் பல் சுருக்கென்று கூசினால், அந்த வாரமே போய்க் காட்டிவிடுங்கள்.